பைக்குக் காவல் இருந்தவர்கள்

டிராவல்ஸ் முதலாளி அவர்களே, நீங்கள் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறீர்கள். அதுவும் பொய் சொல்லி.

பெயரைப் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

போன ஞாயிறு காலை தேவிபட்டினத்தில் உங்கள் வேன் வந்து நின்றது. டிரைவர் மைக்கைப் பிடித்தார். கரையில் இருக்கிற கொட்டகையில் யாரும் பையை வைக்காதீர்கள், அங்கே பை காணாமல் போகிறது என்றார். இறங்கிய கூட்டத்தில் ஆண்களும் பிள்ளைகளும் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்கு நடந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் பைகளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்... கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்தக் கொட்டகை ஜைனம்புவுடையது. அவள் கணவர் சவுதியில் இருந்த வேலை போய்த் திரும்பி வந்துவிட்டார். இப்போது வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கொட்டகையால்தான்.

முதலில் அவளும் ஊரோடு சேர்ந்து சங்கு, பாசிமணிக் கடைதான் போட்டாள். அதே சங்கு பக்கத்துக் கடைகளிலும் தொங்குகிறது. இவளிடம் ஏன் வாங்க வேண்டும்? வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்களாம் — இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா?

சங்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாலு பக்கமும் தகரம் அடித்தாள். பெரிய பூட்டு வாங்கினாள். பை வைக்க இருபது ரூபாய் என்று போர்டு எழுதினாள். ஒரு பைகூட வரவில்லை!

பூட்டு இருந்தும் ஏன் வரவில்லை? கதவுக்குப் பின்னால் போன பை நம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளிக்கப் போனவள் குளிக்க மாட்டாள், கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜைனம்புவுக்கு அது புரிந்தது. கடல் பக்கத்துத் தகரத்தைக் கழற்றி எறிந்தாள். உயரமான கம்புகள் நட்டுக் கொக்கி மாட்டினாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் அவரவர் பை அவரவர் கண்ணுக்குத் தெரியும். அடியில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். கூட்டம் வந்துவிட்டது.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் எதை விற்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். வாங்க வருகிறவளின் மடியில் என்ன கனம் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். ராமநாதபுரத்துக்காரி நான். இந்தக் கடலுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ‘நீ பையைப் பாத்துக்க’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நானே உட்கார்ந்துவிடுவேன். கணுக்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது.

ஜைனம்பு வந்து என் மடியிலிருந்து பையை எடுத்தாள்.

“எந்திரிங்கக்கா. இது இங்கன தொங்கும். அங்கன நின்னே பாத்துக்கங்க. நீங்க பாக்க மறந்தாலும் நான் பாப்பேன்ல.”

இறங்கினேன். அலையே இல்லாத கடல். பாயை விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. கால் சேற்றில் மெத்தென்று புதைந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு... வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டே வந்தது. வானமும் தண்ணீரும் எங்கே ஒட்டுகின்றன என்று தெரியவில்லை. நிற்கிறேனா, மிதக்கிறேனா? அதுவும் தெரியவில்லை. சேலை என்னைச் சுற்றிப் பூ மாதிரி விரிந்தது. காதுவரை அமிழ்ந்தபோது கரைச் சத்தம் எல்லாம் தூரத்து ஊர்ச் சத்தமாகிவிட்டது. யாருக்கோ என்றைக்கோ நடப்பது மாதிரி இருந்தது...

திரும்பிப் பார்த்தேன். கம்புகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பைகள். நடுவில் என் பச்சைப் பை, காற்றில் லேசாக ஆடிக்கொண்டு. இரண்டாவது தடவை பார்த்தேன். அப்புறம் பார்க்கவே மறந்துவிட்டேன்.

அவள் விற்பது இதைத்தான்.

போன ஞாயிறு மறுபடி அங்கே போயிருந்தபோது, மைக் பிடித்த உங்கள் டிரைவரிடம் நேராகப் போய், எந்தப் பை காணாமல் போனது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“பையெல்லாம் ஒண்ணும் போகலக்கா. முன்னாடி சட்டுனு வண்டிய எடுத்துருவோம். இப்பப் பொம்பளையாளுகளும் எறங்கிருதாக. தண்ணிய விட்டு வெளிய வரவே மாட்டேங்குறாக. அடுத்த ட்ரிப்பு கெட்டுப்போகுதுனு மொதலாளி சொல்லச் சொன்னாரு.”

ஆக, இதுதான் விஷயம். பெண்கள் கடலில் நிற்பது உங்கள் நேரத்துக்கு இடைஞ்சல். அந்தப் பெண்களிடமும் டிக்கெட் காசு முழுசாகத்தானே வாங்கினீர்கள்? கரையில் பைக்குக் காவல் இருக்கவா?

ஜைனம்புவிடம் சொன்னேன். அவள் சண்டைக்குப் போகவில்லை. காலியாக நின்ற கம்புகளைப் பார்த்துக்கொண்டே, “இப்புடியே போனா எத்தன நாளைக்குக்கா தாங்குவேன்?” என்றாள்.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் ஒருநாள் இந்தக் கடலுக்கு அழைத்து வந்திருப்பீர்களே, அன்றைக்குப் பையோடு உட்கார்ந்திருந்தது யார்? எனக்குப் போன் போட வேண்டாம். அதே மைக்கில், வேன் நிறையப் பெண்கள் இருக்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.