எதிரே வரும் வண்டி

டெப்போவில் அவருக்கு டூட்டிக்காரர் என்று பெயர். வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினார். அதில் எடுத்த லீவை விரல்விட்டு எண்ணிவிடலாம். தன் டூட்டி போதாதென்று, எவனாவது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால் அவன் டூட்டியையும் வாங்கித் தலையில் போட்டுக்கொள்வார். ஊருக்கெல்லாம் நல்லவர். வீட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவியின் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவியின் ஒரே தங்கை விமானம் இறங்காத ஒரு தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே மாமியார் படுத்த படுக்கை. தங்கையால் ஒரு பகல் பொழுதுக்கு மேல் வீட்டைவிட்டு அசைய முடியாது. போனால் அக்காதான் போக வேண்டும். அக்காவோ தனியாகப் பக்கத்து ஊருக்குப் போகவே பயப்படுகிறவள். டூட்டிக்காரர் ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படியே ஒன்பது வருடம் ஓடிப்போயிற்று. அக்காவும் தங்கையும் போனில் பேசாத நாள் இல்லை என்றாலும், போனில் பேசுவது போனில் பேசுவதுதானே. தங்கைக்கு நரை விழுந்ததே படத்தில் பார்த்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அன்று மனைவி சரியாகச் சாப்பிடவில்லை என்பது டூட்டிக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது.

அதனால் ஓய்வு பெற்ற மறுவாரமே போய்ச் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். நல்ல மாதங்களில் அந்தத் தீவுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத கப்பல் அது. மற்ற இடங்களில் கூட்டம் குறைகிற புயல் மாதங்களில்தான் அங்கே ஒரு பகல் நிற்கும். டிக்கெட் கொடுத்த பெண், புயல் வந்தால் கப்பல் பாதை மாறும், எந்தத் துறைமுகத்துக்கும் உத்தரவாதம் கிடையாது என்று இரண்டு முறை சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். டூட்டிக்காரர் ஒப்புக்கென்று தலையாட்டினார். ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்காக ஒரு புயல் ஒதுங்கிப் போகாதா என்று அவருக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

கப்பலில் முதல் இரண்டு நாளும் மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. வாழ்நாளெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்தவரை வெறும் பயணியாக்கி, சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்? சாப்பாட்டுக் கூடத்தில் கப்பல் ஒரு ஆட்டம் ஆடினால் போதும், மேஜைக்கு அடியில் அவர் வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். எதிரே இருந்தவரின் செருப்பை இரண்டு முறை மிதித்துவிட்டு, இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார். மனைவி மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. நாலாம் நாள் காலை தங்கையின் ஊர்த் துறைமுகம், அங்கே முழுதாக எட்டு மணி நேரம். உடுத்த வேண்டிய துணியை அப்போதே தேய்த்து, மடிப்புக் கலையாமல் நாற்காலி முதுகில் போட்டு வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். புயல் தீவைத் தொடாமல் கிழக்கே கடலோடு போகிறதாம். ஆனால் கிழக்குத் துறைமுகத்தில் அலை ஏறி அடிப்பதால் அதை மூடிவிட்டார்களாம். கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டு, மலைக்கு மறைவாக இருக்கும் மேற்குத் துறைமுகத்தில் நாளை எட்டரைக்கு நிற்கும். மூன்று மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். தங்கையின் ஊர் இருப்பது கிழக்கில்.

வரவேற்பு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அங்கே இருந்த பெண்ணை ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். சாலை மறியல் என்று வண்டியைச் சுற்றுவழியில் விட்ட நாளெல்லாம் டூட்டிக்காரர் வாங்கிய அதே திட்டு, வார்த்தைகூட மாறவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், ஓட்டுகிறவனுக்குத்தான் பாதை தெரியும், கேப்டன் செய்தது சரி என்று ஓங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து, தேய்த்த துணியை மறுபடி பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"விடுங்க. நமக்குக் கொடுத்து வைக்கல" என்றாள்.

ஒன்பது வருடத்தில் எந்த வருடம் போயிருந்தாலும் இந்தப் புயல் இருந்திருக்காது என்பது டூட்டிக்காரருக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை என்பதும் தெரியும். கரை ஓரமாகப் போன கப்பலில் சிக்னல் கிடைத்ததும் கொழுந்தியாளைப் போனில் பிடித்தார். பக்கத்து வீட்டு அம்மா காலை ஒன்பதுக்கு வந்து ஆறு மணி வரை மாமியாரைப் பார்த்துக்கொள்வார் என்று அவள் சொன்னாள். ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணிக்கு மேற்குத் துறைமுகம் வந்துவிடலாம். ஆனால் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பியே ஆக வேண்டும்.

"ஒரு மணி நேரம் கிடைக்கும் அத்தான். அது போதும்."

போதாது என்று அவருக்குத் தோன்றியது. மேற்கிலிருந்து காலையில் எத்தனை மணிக்கு வண்டி புறப்படுகிறது என்று கேட்டார். அதுவும் ஒன்பதரைதான். அவள் பக்கம் ஏற்றமா இறக்கமா என்று கேட்டார். ஏற்றம்தான், வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் என்றாள். போனை வைத்ததும் கப்பலில் தினமும் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளின் ஓரத்தைக் கிழித்து ஒரு கோடு போட்டார். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்தவர், அதை அழித்துவிட்டுக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்தார்.

"நாம அங்க உக்காந்து காத்திருக்க வேணாம்" என்றார் மனைவியிடம். "நாமளும் ஒன்பதரை வண்டியில ஏறிப் போவோம். ரெண்டு வண்டியும் மலை மேல சந்திக்கும். நம்ம வண்டியை விட்டு இறங்கி அவ வண்டியில ஏறிக்குவோம். திரும்பி வர்ற தூரம் பூரா நீ அவ பக்கத்துல உக்காந்து வரலாம்."

"நடு ரோட்டுல வண்டியை யார் நிறுத்துவா?"

"எதிர் வண்டியைப் பாத்தா நிறுத்தாத டிரைவர் இன்னும் பொறக்கல."

அது உண்மைதான். தனித்த சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு டிரைவர்கள், வண்டிகளை ஜன்னலோடு ஜன்னல் ஒட்டி நிறுத்தி அரை நிமிடம் பேசாமல் போக மாட்டார்கள். முன்னால் மண் சரிந்திருக்கிறதா, எந்த வளைவில் தண்ணீர் நிற்கிறது, நேற்று யாருக்கு மெமோ வந்தது என்று பேச விஷயமா இல்லை? உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். டூட்டிக்காரரும் முப்பத்தொரு வருடம் அந்த முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேசியவர்தான்.

மறுநாள் ஒன்பதரை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். இளவயசு டிரைவர். பெரியவரும் ஸ்டீரிங் பிடித்தவர் என்று தெரிந்ததும் மரியாதை கூடிவிட்டது. காரியத்தைக் கேட்டதும் சிரித்தார். பதினொன்றேகாலுக்கு மலை உச்சியைத் தாண்டினதும் அந்த வண்டி வரும், எப்படியும் நிறுத்தத்தான் போகிறேன் என்றார். புள்ளியைக் கிழக்கே தள்ளி வைத்தது சரிதான் என்று டூட்டிக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தேய்த்த துணியை உடுத்தி, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையில் மழையும் காற்றும் சேர்ந்துகொண்டன. பதினொன்றேகால் ஆயிற்று. உச்சி தாண்டியாயிற்று. எதிரே ஒன்றும் வரவில்லை. பதினொன்றரைக்கு ஒரு லாரி வந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. போனில் சிக்னல் செத்துவிட்டது. வண்டியையே ரத்து செய்துவிட்டார்களோ என்று டூட்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இன்னும் அரை மணி இப்படியே போனால், திரும்ப வண்டி கிடைத்துக் கப்பலைப் பிடிப்பது சந்தேகம். ஊரெல்லாம் நம்பி ஏறிய வண்டியை ஓட்டிய மனுஷன், பெண்டாட்டியை நடுக்காட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் நொந்துபோனார். வெளியே மட்டும் வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். மனைவி பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்போம்" என்றாள். தனியாகப் பக்கத்து ஊருக்குப் போகப் பயப்படுகிறவள் அவள்.

பதினொன்று நாற்பதுக்கு, வளைவு திரும்பியதும் இரண்டு விளக்கு தெரிந்தது. இளவயசு டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். இரண்டு வண்டியும் உரசிக்கொள்ளாத குறையாக நின்றன. வழியில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்ததாம்; பயணிகள் எல்லோரும் இறங்கி இழுத்துப் போட்டார்களாம். அந்த டிரைவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வண்டியிலிருந்து ஒருத்தி குதித்தாள். கையெல்லாம் சேறு, தலையில் இலை. அக்கா எப்போது இறங்கினாள் என்று டூட்டிக்காரருக்கே தெரியவில்லை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில், கொட்டுகிற மழையில், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மடிப்புக் கலையாத துணி முழுக்கச் சேறு. இரண்டு பக்க ஜன்னலிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கிழக்கு வண்டியில் அக்காவும் தங்கையும் ஒரே சீட்டில் உட்கார, டூட்டிக்காரர் மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்தார். இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. பிறகு சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால், அவர் மனைவி தங்கையின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கப்பலில் அலை ஆடின ஆட்டத்தில் அவள் இரண்டு நாளாகக் கண்ணை மூடவில்லை.

டூட்டிக்காரருக்குப் பகீரென்றது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த பொழுதை இப்படித் தூங்கியா கழிப்பது? எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து மனைவியின் தோளைத் தொடப் போனார். கொழுந்தியாள் கையை நீட்டித் தடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எழுப்பாதீங்க அத்தான்" என்றாள் மெதுவாக. "எல்லாம் போன்லயே பேசியாச்சு. இது ஒண்ணுதான் போன்ல முடியல."

அப்போது அடுத்த நிறுத்தம் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். டூட்டிக்காரர் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, தூங்குகிறவளைக் காட்டினார். கண்டக்டர் ஒரு கணம் யோசித்தார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துபோய் டிரைவரின் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. இறங்கியவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கினார்கள். துறைமுகம் வரும்வரை அந்த வண்டி அப்படியேதான் நின்று நின்று போயிற்று.