நர்ஸம்மா எடை தூக்கிய கதை

காளவாசலில் ஒரு துணிக்கடையின் மாடியில் பெண்களுக்கான ஜிம் நடத்துகிறேன். நர்ஸம்மா முதன்முதலாக அந்தப் படிகளில் ஏறி வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இளநீலச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ. மாவுக்கட்டு பிரித்த இடது மணிக்கட்டு வெளுத்துச் சூம்பியிருந்தது. உடம்பு இளைக்க ஓட்ட இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் வரப்பு வழியே நடந்து போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவர் அவர். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தபின் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் எடுத்தபோது எலும்பின் அடர்த்தி மிகக் குறைந்திருந்தது. எலும்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தெரிந்தவர் மேற்பார்வையில் எடைப் பயிற்சியும் செய்யச் சொன்னார். வீட்டில் இருந்தவர்களின் காதில் மாத்திரை மட்டும்தான் விழுந்தது.

"உடைஞ்சது கைதான் பாப்பா. ஆனா அன்னையிலருந்து செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்குறேன். இப்பிடி நடக்க எனக்குப் பிடிக்கல" என்றார்.

எனக்குப் பயம்தான். இங்கே விழுந்து இடுப்பு முறிந்தால்? டாக்டரைப் பார்த்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விவரமாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சேர்த்தேன். மறுநாளே மகன் வந்து நின்றார். "இந்த வயசுல வெயிட் தூக்க விடுறீங்களே, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" நான் வாய் திறக்கும் முன் நர்ஸம்மா முந்திக்கொண்டார். "தூக்காம இருந்துதான்டா ஒடிஞ்சிருக்கு. நீ ஆபீசுக்குப் போ."

நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதில் தொடங்கினோம். முதல் வாரம் அதற்கே தொடை நடுங்கியது. பிறகு சின்ன டம்பெல். பிறகு இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடை. "ஆத்தாடி, மருந்துப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வரப்புல நடந்த மாதிரியே இருக்கு!" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் நடந்த நடையே வேறு.

மாதங்கள் ஓடின. ஒருநாள் தரையில் கிடந்த நீளக் கம்பியைக் காட்டி, "அதை எப்ப தருவ?" என்று கேட்டார். முதுகை நேராக வைக்கப் பழக்கி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தேன். ஒரு காலையில், ஒரு சிப்பம் அரிசியின் கனத்தை, இருபத்தைந்து கிலோவை, அந்தக் கம்பியில் மாட்டினேன். குனிந்தார், மூச்சை இழுத்தார், தூக்கி நிமிர்ந்தார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அம்புட்டுச் சத்தம்! கீழே துணிக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஓடி வந்துவிட்டார்.

அதற்குப் பின் ஒரு மத்தியானம் மகனிடமிருந்து போன் வந்தது. கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்கும்போது பைக் இடித்து அம்மா விழுந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரியில் படம் எடுப்பதாகவும் சொன்னார். ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. போகும் வழியெல்லாம் அந்த இடுப்பு எலும்புதான் நினைவில் இருந்தது.

எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, சேலையெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தொடாமல் எழுந்து நின்றார். "உடையல பாப்பா! தொடையில ரத்தம் கட்டியிருக்கு, அம்புட்டுத்தான். ரோட்டுலருந்து நானேதான் எந்திரிச்சேன்!"

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். பயிற்சிதான் காப்பாற்றியதா, விழுந்த வாகு நல்லதா என்று மகன் டாக்டரிடம் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தவேண்டாம் என்றார் டாக்டர்.

பக்கத்து நாற்காலியில், கையில் கட்டுப் போட்ட ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா அவரிடம் திரும்பினார். "கட்டுப் பிரிச்சதும் டாக்டரைக் கேட்டுக்கிட்டுக் காளவாசலுக்கு வாங்க. நான் அங்கதான் இருப்பேன்."

அந்த அம்மா வந்தார். தனியாக வரவில்லை, தங்கையையும் கூட்டி வந்தார். இன்று என் காலை வகுப்பில் சேலையும் ஷூவுமாக ஒரு கூட்டமே நிற்கிறது. சத்தம் தாங்க முடியவில்லை என்று இளசுகள் தங்கள் நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.