மஞ்சள் முந்தியா, மை முந்தியா

எங்கள் மகளுக்கு உக்குவளையில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் பண்ண வந்த அன்று சம்பந்தி, "பத்திரிகை எல்லாம் எதுக்குங்க, இப்ப எல்லாரும் போன்லதானே அனுப்புறாங்க" என்றார். நானும் தலையை ஆட்டத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மகள், "பெரியவங்களுக்கு மட்டும் அப்பா கையால எழுதித் தருவாரு" என்று சொல்லிவிட்டாள்.

சம்பந்தியம்மா புருவத்தைத் தூக்கினார். "கையாலயா? சரி, பார்ப்போமே."

அந்தப் 'பார்ப்போமே'யில் கொச்சிக்காய் காரம் இருந்தது. போகப்போகிற வீட்டில் என் மகள் எடுத்துவைத்த முதல் பெருமை நான்தான். அது பொய்யாகிவிட்டால் அவள் அந்த வீட்டில் அந்தத் தலைக்குனிவோடுதான் நடமாட வேண்டும்.

நான் மாத்தளை டவுனில் கடைகளுக்கும் பஸ்களுக்கும் போர்டு எழுதுகிறவன். ஏணி மேல் நின்று ஆளுயர எழுத்துப் போடுகையில், கீழே லொறி உரசிக்கொண்டு போனாலும் கை அசையாது. அந்தத் திமிரில் நல்ல கடதாசி வாங்கினேன், சீனத்து மை ஒரு போத்தல் வாங்கினேன், பட்டை நிப்பு வைத்த பேனா ஒன்றும் வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். உள்ளங்கை அகலக் கடதாசி. கை நடுங்கியது. மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பயப்படாதவன் முழத்தில் பாதி இல்லாத தாளுக்குப் பயந்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் போய்க் குடித்தேன்.

ஒருவழியாக எழுதிய முதல் பத்திரிகையை மகளிடம் நீட்டினேன். எழுத்தெல்லாம் தடித்தடியாக, நிழல் வைத்து, மேலே மாத்தளை, கீழே உக்குவளை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகா இருக்கு அப்பா. ஆனா டிக்கட் எங்க எடுக்கணும்?"

பஸ் போர்டு எழுதிய கை, வேறென்ன எழுதும்? ஆனால் அவள் சிரிப்பில் கொஞ்சம் கவலையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை. பழகிய கைக்குப் பழகிய இடம் கொடுப்போம் என்று, பத்திரிகையை ஒரு பலகையில் கிளிப் போட்டு, பலகையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, நின்றுகொண்டு எழுத ஆரம்பித்தேன். நிப்பைத் தூரப் போட்டுவிட்டு, போர்டில் டெலிபோன் இலக்கம் எழுதுகிற மெல்லிய பிரஷை மையில் தோய்த்தேன். கை அடங்கியது. நிழலை எடுத்தேன், தடிப்பைக் குறைத்தேன், சுழிகளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தேன். மகளின் பெயர் வரும் வரியில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய் முழுக்க எழுதி, புதன் காலையில் மிச்சத்தையும் முடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் முதல் பத்திரிகையை வைத்துப் பூஜை. சம்பந்தி வீட்டாரும் வருவார்கள். நேரம் தாராளம்.

நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவியும் கொழுந்தியாவும் தங்கள் கடமையைச் செய்தார்கள். நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்காமல் கல்யாணப் பத்திரிகை வாசல் தாண்டக் கூடாது அல்லவா? மஞ்சளை நன்றாகத் தண்ணீரில் குழைத்து, தாராளமாக வைத்து, ஈரம் காயுமுன்னே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நூல் கட்டிச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டார்கள். அச்சடித்த பத்திரிகைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. என் மை அச்சு மை இல்லையே, ஈரம் பட்டால் கரைகிற மை.

பின்னேரம் கட்டைப் பிரித்தால், எழுத்துகள் குளத்தில் இறங்கிய எருமை மாதிரி சுகமாகக் கிடந்தன. மணமகள் பெயர் மணமகன் பெயருக்குள் கலந்துவிட்டிருந்தது.

"நல்ல பொருத்தம்தான் மச்சான்" என்றாள் கொழுந்தியா. ஆனால் முகம் வெளுத்துத்தான் இருந்தது. மனைவி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். லக்கல மலைக்காட்டுப் பக்கம் ஓடிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அங்கே போகிற பஸ் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். எனமல் பெயின்ட்டில் எழுதலாம் என்றால், கடதாசியில் எண்ணெய் ஊறி எழுத்தைச் சுற்றி வடை வைத்த தாள் மாதிரி ஆகும். மகள் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். "பரவாயில்ல அப்பா, போன்லயே அனுப்பிடலாம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் 'பரவாயில்ல'தான் என்னை நிமிர்த்தியது.

"மிச்சக் கடதாசிய எடு" என்றேன். "முதல்ல மஞ்சள வைங்க. காயட்டும். அதுக்கு மேல நான் எழுதுறேன்."

மனைவி பதறினாள். "வெறுந்தாளுக்கு யாராவது மஞ்சள் வைப்பாங்களா? சாத்திரம் என்னாகிறது?"

"புதுச் சட்டைக்கு மஞ்சள் வச்சுட்டுத்தானே போடுறோம்? போட்டுட்டா வைக்கிறோம்?"

அவள் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். கல்யாணமான நாள் முதல் வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான். அனுபவிக்கத்தான் நேரமில்லை. அக்காவும் தங்கையும் தொட்டும் தொடாமலும் மஞ்சள் வைத்தார்கள், கொழுந்தியா ஒவ்வொன்றையும் மின்விசிறிக்குக் கீழே பரப்பினாள், நான் ஜன்னலோரம் நின்று எழுதினேன். வியாழன் பொழுது சாயுமுன் கடைசிப் பத்திரிகையும் காய்ந்தது. கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தன.

வெள்ளி காலை, அம்மன் கோயில். தட்டில் வெற்றிலை, பழம், மேலே பத்திரிகை. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எழுதினதா? அச்சு இல்லியா?" என்று என் மகளைக் கேட்டார். அவள் கழுத்து ஒரு விரல் அளவு உயர்ந்தது.

ஐயர் தீபம் காட்டினார். பிறகு தீர்த்தச் செம்பில் மாவிலையைத் தோய்த்தார்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

யோசிக்க நேரமும் இல்லை. அப்படியே தட்டின் மேல் கவிழ்ந்தேன். தீர்த்தம் முழுக்க என் வழுக்கையில் விழுந்து, காதோரம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. பத்திரிகை பொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

"தீர்த்தம் பத்திரிகைக்குங்க" என்றார் ஐயர். "நீங்க ஏன் குறுக்க வர்றீங்க?"

"பொண்ணப் பெத்தவன் சாமி" என்றேன், குனிந்தபடியே. "எனக்குத்தான் இப்ப ரொம்பத் தேவை."

சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். மகள் தாவணித் தலைப்பால் என் தலையைத் துடைத்துவிட்டாள். நிமிரச் சொன்னாள். ஐயர் செம்பைக் கீழே வைக்கும்வரை நான் நிமிரவில்லை.