சீட்டி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்

இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து, நீளமாக ஒரு சீட்டி அடிக்கிறார். அதே நேரம் இடது கையிலிருக்கும் வெள்ளைத் தொப்பி மெல்ல வலப்பக்கம் சாய்கிறது. மேட்டில் நிற்கும் கருப்பு வெள்ளைக் கோலி இன நாய் வயிறு புல்லில் உரச ஓடிப்போய், சிதறிய ஆடுகளை வளைத்துக் கொண்டுவருகிறது. ஆட்டுப் பண்ணையில் அவருக்கு விசிலண்ணன் என்று பெயர்.

சீட்டி ஊருக்கு, தொப்பி நாய்க்கு. நாய்க்குக் காது கேட்காமல் போய் ஒரு குளிர்காலம் ஆகிறது. விஷயம் தெரிந்தவர் அவருடைய மனைவி மட்டும்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. எத்தனை நாளைக்கு?”

“மறைக்கிற வரைக்கும் மறைப்போம். நீ சும்மா இரு.”

கோலி என்றால் பார்வையாலேயே ஆட்டை அடக்குகிற சாதி. வேலையில் இறங்கிவிட்டால் மேய்ப்பன் பக்கம் திரும்பாது. இது அடிக்கடி திரும்பித் தொப்பியைத் தேடுகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது கவனித்தார்களா என்று அவர் சுற்றிலும் பார்க்கிறார். யாராவது கேட்டால், “மாப்பிள்ளைக்கு என் மூஞ்சியைப் பாக்காம இருக்க முடியாது” என்று சிரித்து மழுப்புவார். நாயை அவர் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார், முறுக்கும் அப்படித்தான்.

காது கேட்காத நாய் டிராக்டர் ஓடும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம். முன்பிருந்த நாயை அப்படித்தான் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கே என்று கேட்க விசிலண்ணனுக்குத் துணிச்சல் வரவில்லை. சட்டத்தில் நியாயம் இருப்பதுதான் அவரை வாட்டுகிறது. டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், மனிதர் ஓடிப்போய் நாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்றுகொள்கிறார்.

இன்று முதலாளியம்மா கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார். நாய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

“டேய், இங்க வா.”

நாய் அசையவில்லை. முதலாளியம்மா இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். காது மடல்கூட ஆடவில்லை.

“என்னண்ணே, இதுக்குக் காது கேக்குதா இல்லையா?”

“கேக்குதும்மா. மாப்பிள்ளை முறுக்குல இருக்காரு.”

மழை பெய்து வெகுநாளாகிறது. விசிலண்ணனின் பூட்ஸில் சேறென்று ஒரு பொட்டுகூட இல்லை. இருந்தும் சேற்றை உதறுகிறவர் போல, பலகைத் தரை அதிர வலது காலை ஓங்கித் தட்டினார். நாய் சட்டென்று திரும்பி எழுந்தது. முதலாளியம்மா அவருடைய பூட்ஸைக் குனிந்து பார்த்தார்.

விசிலண்ணன் இடது காலையும் உதறினார்.