தொழில்: விவசாயம்

முதல் மூன்று படங்களும் கலங்கிப்போயின. ஆள் அசைந்துவிட்டால் எக்ஸ்ரே அப்படித்தான் வரும், ஓடுகிற தண்ணீரில் பார்த்த முகம் மாதிரி. திருச்செங்கோட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் படம் பிடிக்கிறவன் நான். மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க என்று நாள் முழுக்கச் சொல்லித் தேய்ந்த வாய் என்னுடையது. அன்றைக்குப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றவர் என் அக்காவின் கணவர். இழுத்தார், நிறுத்த முடியவில்லை. "ஆயிரம் அடி எறக்குனவன் மாப்ள, அஞ்சு நொடி நிக்க மாட்டீங்குது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அவரைக் குனிய வைத்தது. நாலாவது தடவைதான் படம் விழுந்தது.

மாமா ரிக் வண்டியில் டிரில்லர். வருசத்தில் பாதி நாள் வடக்கே, ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு காட்டில், ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். கல் உடைய உடைய கம்ப்ரசர் காற்று பொடியை மேலே ஊதித் தள்ளும். குழிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டினால் புழுதி அடங்கும். வண்டியில் அதற்கு வசதியும் உண்டு. மாமா விடமாட்டார். நாம் விட்ட தண்ணீரா, பூமி கொடுத்த தண்ணீரா என்று தெரியாமல் போய்விடும் என்பார். கிணறு போடச் சொன்ன காட்டுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். வெள்ளையாகப் பறக்கிற பொடி சட்டென்று ஈரமாகி அடங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தானே கண்கொட்டாமல் நிற்கிறார்கள். அவர் பறக்கிற பொடியைக் கையில் பிடிப்பார், நிறம் பார்ப்பார், நாக்கில் வைப்பார், இன்னும் நாற்பதடி என்பார். பெரும்பாலும் வந்துவிடும். வாயில் கட்ட வேண்டிய துண்டு பாதி நேரம் கழுத்தில்தான் கிடக்கும்.

மூச்சு ஒரு தலைகீழ் மரம். தொண்டைக்குக் கீழே அடிமரமாக இறங்குகிற குழல் இரண்டாகக் கவைத்து, கிளைத்து, கிளைத்துக்கொண்டே போய், கண்ணுக்குத் தெரியாத கொப்புளங்களில் முடிகிறது. அங்கேதான் காற்று ரத்தத்தைத் தொடுகிறது. நடுவில் இருப்பது ஈரமான ஒரு மெல்லிய தோல், வெங்காயச் சருகைவிட மெல்லியது. பெரிய தூசியை மூக்கு மயிர் பிடிக்கும், சளி பிடிக்கும். கல்லின் மாவு எதற்கும் பிடிபடாது, கடைசிக் கொப்புளம் வரைக்கும் போய் உட்காரும். உடம்பு அதை விழுங்கப் பார்த்துத் தோற்று, அந்த இடத்தைத் தழும்பாக்கி மூடிவிடும். தழும்பு விரியாது. கீழே உதரவிதானம் இறங்கினாலும், விலா எலும்புகள் அகன்று கொடுத்தாலும், உள்ளே வாங்கிக்கொள்ள இடம் இல்லை.

நாலாவது படம் திரையில் வந்தபோது நுரையீரல்களின் மேல்பாகத்தில் கசகசாவைத் தூவினாற்போல் புள்ளிகள். படத்தைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை, என் வேலை அல்ல. ஆனால் ரிக்காரர்களும் கல் உடைப்பவர்களும் எத்தனையோ பேர் என் பலகையில் நின்றிருக்கிறார்கள். தெரிந்துவிட்டது. சீட்டில் தொழில் என்று ஒரு கோடு உண்டு. மாமா என் பேனாவைப் பார்த்தார்.

"ரிக்குன்னு எழுதாத மாப்ள. பொடி சீக்குன்னு தெரிஞ்சா வண்டியில ஏத்த மாட்டாங்க. வெவசாயம்னு போடு. வெவசாயம்னு போடு."

ஒன்றரை ஏக்கர் சோளக்காடு இருந்தது. முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன். டாக்டர் படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சளிப் பரிசோதனையில் கிருமி ஒன்றும் இல்லாதபோதும் டி.பி.க்கு மாத்திரை எழுதினார். மாமா மாத்திரையோடு வண்டி ஏறினார்.

திரும்பி வந்தபோது வாசலில் இருந்து கட்டுத்தறி வரைக்கும் நடக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். விலாவுக்கு நடுவே தோல் குழியும். தோளும் கழுத்து நரம்பும் சேர்ந்து ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுக்கும். அவர் கட்டில் வீட்டுக்கு வெளியே ஓலைச் சாளையில் கிடந்தது. தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்ந்திருந்தன. போகும்போதெல்லாம் பார்த்தேன். இது டி.பி. இல்லை என்று சொல்லிவிட்டால் சீட்டில் எழுதினது யார் என்று கேட்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருசம் அப்படியே இருந்து, ஒரு மத்தியானம் அடங்கிவிட்டார்.

போன மாதம் அக்கா வந்தாள். மூன்று வாரமாக இருமலாம். அவர் சீக்கு தனக்கும் வந்துவிட்டது என்று அவளே முடிவு செய்திருந்தாள். படம் பிடித்தேன். பளிச்சென்று இருந்தது.

"அது உனக்கு வராதுக்கா. அது கல்லுப் பொடி. அவரோட போச்சு."

"அப்ப ஒட்டுவாரொட்டி இல்லியா, தம்பி?"

"இல்ல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதப் படம் புடிச்ச அன்னிக்கே."

அக்கா சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"பேத்தி பொறந்து ஏழு மாசம் இருந்தாரு. ஒருக்கா மடியில குடுடீன்னு கேட்டாரு. நான் எட்ட நின்னு காட்டுனேன்."

எழுந்துகொண்டாள். படம் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி உறையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.