கன்னிமூலையில் நாலு மெத்தை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சம்பத் முதல் வேலையாக ஹால் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவார். பல்லி விரட்டுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். மேடவாக்கத்தில் ஒரு அம்மாள் ஏதோ பூஜை என்று எண்ணி, குழந்தைகளையும் தட்டச் சொன்னாள். அவர் கேட்டதென்னவோ கைதட்டலுக்குப் பின்னால் வரும் எதிரொலியின் வாலை. டைல்ஸும் கண்ணாடியுமாக இருக்கும் ஹாலில் அந்த வால் நீளம். துணிமணி இறைந்து கிடக்கும் வீட்டில் வாலே கிடையாது. "ஒழுங்கா மடிச்சு வைக்காத வூட்லதான் பாட்டு நல்லா கேக்கும்" என்பார். இருபது வருடம் மைக்செட் கட்டிவிட்டு, கிழக்குத் தாம்பரம் கடையொன்றில் ஸ்பீக்கர் மாட்டும் வேலைக்கு வந்தவர்.

வீடு வீடாகப் போவதென்றால் அவருக்கு உயிர். விதவிதமான ஹால், விதவிதமான காபி, விதவிதமான சண்டை. போன மாதம் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

"பெரும்பாக்கம் பத்ரிநாராயணன் சார் மறுபடி போன் பண்ணிட்டாரு," என்றார் கடை முதலாளி தினகரன். "மூணாவது தபா. இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, நீ குடோன்ல உக்காந்து டப்பா அடுக்கிகினு இரு. வெளிய போற வேலையே கிடையாது."

பத்ரிநாராயணன் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். புது ஃபிளாட், புது ஸ்பீக்கர். காலையில் கச்சேரி போட்டால், மிருதங்கத்தின் இடக்கைப் பக்கம் மட்டும் 'தொம்'மென்று விழுந்து எழுந்திருக்க மறுத்தது.

பெரும்பாக்கம் போய் நின்ற சம்பத்துக்கு நோய் தெரியும். கனத்த சத்தத்தைக் கொடுக்கும் பேஸ் பெட்டி மூலையில் ஒட்டிக் கிடந்தது. இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சத்தத்தை ஊதிப் பெருக்கின.

"சார், இதை ரெண்டடி வெளிய இழுத்தா சரியாயிடும்."

"அது கன்னிமூலை. வீட்லயே கனமான சாமான் அங்கதான் இருக்கணும்னு மச்சினர் வாஸ்து பாத்துச் சொல்லியிருக்கார். பெட்டியை நகர்த்தாம சத்தத்தைச் சரி பண்ணுங்கோ."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சம்பத் அடுக்களைப் பக்கம் போனார். அங்கே அவர் மனைவி சாவித்ரி மாமி தன் பாட்டைத் தொடங்கினாள். அவளிடம் நாலு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. அடசல், ஞாயிற்றுக்கிழமைக்குள் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறாராம் அவர்.

"மெத்தை இன்னா வெயிட் இருக்கும் மாமி?"

"ஒண்ணு பதினஞ்சு கிலோ."

சம்பத் சிரித்தார். ஹாலில் பேசியதைக் கேட்டிருந்த மாமியும் கணக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹாலுக்குத் திரும்பியவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சார், இது வெறும் பதினெட்டு கிலோ. கன்னிமூலைக்கு இது பத்துமா? மாமி கிட்ட அறுபது கிலோ கீதே!"

பத்ரிநாராயணன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. மெத்தைக்கு வழிவிட்டார். மெத்தைகள் சுருட்டப்பட்டு மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டன. பெட்டி வெளியே வந்தது.

பாட்டு போட்டதும் அவர் முகம் சுருங்கியது. "என்னய்யா, இடக்கையையே காணோம்! இது ரிப்பேரா, திருட்டா?"

சம்பத்தின் மூக்கில் இப்போதே குடோன் தூசி ஏறியது. "ரெண்டு மாசமா வீங்கின சத்தத்தைக் கேட்டு உங்க காது பழகிடுச்சு சார். பத்து நாள் பொறுத்துக்கங்க. அப்புறம் எல்லாத்தையும் பழையபடி வெச்சுக் கேளுங்க. அது புடிச்சிருந்தா, என் மேல நானே கடைக்கு கம்ப்ளெய்ன்ட் குடுக்கறேன்."

அந்தப் பத்து நாளும் கடை போன் அடித்தபோதெல்லாம் சம்பத் ஸ்க்ரூ முடுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்.

பதினோராம் நாள் தினகரன் போனை எடுத்தார். வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னாய்யா பண்ணி வெச்ச? பெரும்பாக்கம் சார் பழையபடி வெச்சுப் பாத்தாராம். கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கீதாம். அஞ்சு நிமிஷம் தாங்கலியாம், மெத்தையைத் திரும்ப அடுக்கிட்டாராம்."

"அப்ப சரிதானேண்ணா?"

"இன்னா சரி? பொண்ணு குடும்பம் வந்திருக்கு. படுக்க ஒரு மெத்தை உருவக்கூடாதுன்னு மூலையில காவல் நிக்கிறாராம். மாமிதான் லைன்ல கீறாங்க. நம்ம கடையில மெத்தை விக்கிறோமான்னு கேக்கறாங்க."

சம்பத் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இருக்கச் சொல்லுண்ணா. நேர்ல போய் அளவு எடுத்துட்டு வந்துடறேன்."