குண்டனின் டிபன் டப்பா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? நாய் டாக்டரின் கிளினிக்கில். மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. காலடியில் குண்டன்.

பக்கத்து நாற்காலியில் வெள்ளைப் பூனையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். டப்பாவைப் பார்த்துவிட்டு, "டாக்டருக்கு லஞ்ச்சா ஆன்ட்டி?" என்றார்.

"இல்லம்மா, இவனோடது" என்றேன்.

அவர் பூனையைத் தூக்கி அந்தப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார். டப்பா அவருக்குப் பிரச்சினையில்லை. குண்டன் அந்தப் பூனையைப் பார்த்த பார்வைதான் பிரச்சினை.

குண்டனைப் பற்றி இதுவரை உங்களிடம் நான் மூச்சு விடவில்லை. காரணம் இருக்கிறது. அவன் எங்களோடு இருப்பானா, திரும்பிப் போய்விடுவானா என்றே தெரியாமல் இருந்தது. நிலைக்குமா என்று தெரியாததைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது, இல்லையா?

இப்போது சொல்கிறேன். குண்டன் ஐந்து மாதக் குட்டி. முதோள் ஜாதி – வட கர்நாடகத்தில் முயல் பிடிப்பதற்கென்றே வளர்க்கும் வேட்டை நாய். நான்கு காலும் குச்சி. வயிறு உள்ளே போய் முதுகோடு ஒட்டியிருக்கும். இந்த உடம்புக்குக் குண்டன் என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். "உடம்புலதான் இல்ல, பேர்லயாவது சதை இருக்கட்டுமே" என்றார். முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஃபைல்களுக்குத் தலைப்பு எழுதியவர். அவர் வைத்தால் வைத்ததுதான்.

எங்கள் மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பிஜி விடுதியில் தங்கியிருக்கிறான். அத்திபெலேயில் நண்பன் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதென்று பார்க்கப் போனவன், ஆசைப்பட்டு ஒன்றைத் தூக்கி வந்துவிட்டான். பிஜியில் நாய் வளர்க்க முடியாது என்பது தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்ததாம். "ரெண்டே வாரம்மா..." என்று லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடி வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பிள்ளைகள் சொல்லும் இரண்டு வாரத்துக்கு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

சிக்கல் எங்கே வந்தது என்றால், சாப்பாட்டில். அவன் வேட்டைக்காரன். நாங்களோ சுத்த சைவம். ஒரு முட்டை உடைத்த பாத்திரம்கூட எங்கள் சமையலறையில் கிடையாது. வந்தவனுக்குத் தயிர் சாதம் போட்டேன். வயிறு போயிற்று. பாலும் பிஸ்கட்டும் கொடுத்தேன். இன்னும் போயிற்று. கடையில் பாக்கெட்டில் விற்கிறார்களே, உருண்டை உருண்டையாக... அதை வாங்கிப் போட்டேன். வாந்தியே எடுத்துவிட்டான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் சின்னப் பெண், கன்னடக்காரர். தமிழும் நன்றாகவே பேசுவார். "ஆன்ட்டி, இவன் வயிறு ரொம்ப சென்சிட்டிவ். கொஞ்ச நாளைக்கு வெறும் சாதம், வேக வெச்ச பூசணிக்காய், வேக வெச்ச கோழி. அஷ்டே. ஏனூ ஹாக்பேடி" என்றார். அவ்வளவுதான், வேறெதுவும் போடாதீர்கள் என்பதைக் கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, விரலை ஆட்டி ஒரு தடவை சொன்னார்.

கோழியா? நானா?

வீட்டுக்கு வந்து படியேறும்போதே கீழ் வீட்டு ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஸ்டெல்லா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். தையலைவிட சமையலில் கெட்டி. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசனை தெருமுனை வரை போகும் என்று சொல்வார்கள். நான் அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க? நம்ம வீட்டுல வாரத்துல மூணு நாள் கோழிதான். இவனுக்கு ஸ்வல்ப தனியா எடுத்து வேக வெச்சா முடிஞ்சுது" என்றாள்.

"உப்பு, காரம், மசாலா எதுவும் வேண்டாம் ஸ்டெல்லா."

"நாய்க்குப் போயி யாராவது மசாலா போடுவாங்களாக்கா?" என்று சிரித்தாள்.

மறுநாளிலிருந்து காலையில் எங்கள் வாசற்படியில் சூடாக ஒரு டிபன் டப்பா. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை எட்டுமட்டும் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நீளமான கரண்டியால் சாதத்தோடு கலந்து வைப்பேன். டப்பா கழுவுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அதுவும் வெளிக்குழாயில். ஒரு வாயில்லா ஜீவனுக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் பார் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

பழி யார் மேல் விழுந்தது? வேட்டையின் மேல். குண்டன் ஹால் சுவரில் பல்லியைப் பார்த்தால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பான். முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் தூக்கியபடியே இருக்கும். ஒரு சாயங்காலம் சோபாவுக்குக் கீழே ஒரு பல்லி வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மிச்சப் பல்லி எங்கே? வீட்டுக்காரர் குண்டனைப் பார்த்தார். குண்டன் ஃபேனைப் பார்த்தான்.

அடுத்த நாள் வாயில் ஒரு புறா இறகோடு வந்தான். போதாதா? கண்டதையும் பிடித்துத் தின்றுதான் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான் என்று முடிவுகட்டிவிட்டோம். பால்கனிக்கு வலை அடித்தோம். பீரோவை நகர்த்திப் பின்னால் இருந்த பொந்துகளையெல்லாம் துணி வைத்து அடைத்தோம். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும் என்று பொழுது சாய்ந்தால் ஹாலில் விளக்குப் போடுவதையே நிறுத்தினோம். இரண்டு வாரம் அரை இருட்டில் சப்பாத்தி சாப்பிட்டோம்.

அப்படியும் குண்டன் இளைத்துக்கொண்டே போனான். நாலு அடி நடந்தால் உட்கார்ந்தான். ஒருநாள் அவன் மூக்குக்கு நேராக ஒரு பல்லி ஓடியது. அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் எடை போட்டுப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா அட்மிட் பண்ணி டிரிப் ஏத்தணும் ஆன்ட்டி. சின்னக் குட்டி. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

மகனுக்குப் போன் செய்தேன். "ம்மா, நான் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயி அத்திபெலேலயே விட்டுடறேன். அங்க கூடப் பொறந்ததுங்களோட கறிசோறு தின்னு தேறிக்கும். நம்ம வீடு அதுக்குச் சரிப்படாதும்மா" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் 'நம்ம வீடு சரிப்படாது' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் கேட்டு வாங்கிய நாயா இது? இல்லை. ஆனால் தினமும் விடிகாலையில் கட்டில் விளிம்பில் அந்த நீள முகத்தை வைத்துக்கொண்டு, நான் கண் விழிக்கும் வரை சத்தம் போடாமல் காத்திருக்கிற ஒருத்தனை அனுப்ப எனக்கு மனசில்லை. அதுதான் உண்மை.

"நாளைக்கு அவன் என்ன சாப்பிடறானோ அதை அப்படியே கொண்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, மடியில் டிபன் டப்பா.

டாக்டர் மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டு போனார். கண்ணை மூடினார். மறுபடி ஒரு தடவை இழுத்து முகர்ந்தார்.

"ஆன்ட்டி, யாரு மாடித்து இது?"

"கீழ் வீட்டுல செஞ்சு தர்றாங்க."

"வாசனே சூப்பர். எனக்கே பசிக்குது. ஆனா பெள்ளுள்ளி ஜாஸ்தி ஹாக்கிதாரே..." என்றவர், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, "பூண்டு ஆன்ட்டி. இஞ்சி, மஞ்சள்கூட இருக்கு. பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது. இவன் வயிறு எப்படித் தாங்கும்? டப்பாவைத் திறந்தாலே வாசனை தூக்குதே, நீங்க மோந்து பாக்கலையா?" என்று கேட்டார்.

சாம்பார் கொதிக்கும்போது ஹாலில் உட்கார்ந்துகொண்டே பெருங்காயம் போதவில்லை என்று சொல்கிற மூக்கு என்னுடையது. அந்த மூக்கை இருபது நாளாகப் பொத்தி வைத்திருந்தேன் என்று சொல்ல முடியுமா?

வெட்கம் வந்தால் எனக்கு அடுத்ததாகக் கோபம் வரும். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஸ்டெல்லாவிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு சொல்லியும் ஏன் போட்டாய்? படித்துப் படித்துச் சொன்னேனே? இப்படி ஏழெட்டு வரி.

ஸ்டெல்லா மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, கோழியில பூண்டு போட்டியா?"

"போட்டேங்க்கா" என்றாள், ஒளிவுமறைவே இல்லாமல்.

"மசாலா வேண்டாம்னு சொன்னேனே."

"மசாலா எங்கக்கா போட்டேன்? மஞ்சள்ல கழுவி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு வேக வெச்சேன். அவ்ளோதான். அதுகூட இல்லாம கோழியை எப்படி அடுப்புல ஏத்தறது? கவிச்சி அடிக்குமே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "உங்க வீட்டுக்குள்ள போற டப்பா. வாடை வந்தா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு பூண்டு மட்டும் கொஞ்சம் கூடவே போட்டேங்க்கா."

ஒத்திகை பார்த்த ஏழெட்டு வரியும் எங்கோ போய்விட்டன.

அந்தப் பூண்டு யாருக்காகப் போட்டது? குண்டனுக்காகவா? எனக்காக. நான் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக. கோழி சமைக்கத் தெரிந்தவள், வெறும் தண்ணீரில் வேகவைப்பதைச் சமையல் என்றே நினைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியாது. கோழியை எப்படிச் சமைப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அல்லவா, பூண்டு போடுவாயா என்று கேட்டிருப்பேன்?

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நின்றுவிட்டது. "இருபது நாளா நானே அவனைக் கெடுத்திருக்கேனாக்கா..." என்றவள் கண்ணில் தண்ணீர். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பின் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"நீ இல்ல ஸ்டெல்லா. என் மூக்கு" என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரரிடம், இனிமேல் குண்டனுக்கு நானே சமைக்கப்போகிறேன் என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கோழியையா?" என்றார். "கோழியைத்தான்" என்றேன். வேறெதுவும் கேட்காமல் பரணிலிருந்து பழைய இண்டக்‌ஷன் அடுப்பை இறக்கித் துடைத்து, பின்பக்க பால்கனியில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தார். "பால்கனி சமையலறை எல்லைக்குள்ள வராது" என்று தீர்ப்பும் சொன்னார். அரசாங்க வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டதில் இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.

ஸ்டெல்லா கோழியை வெட்டி வாங்கி வந்தாள். "நீ எதுவும் போடாம நில்லு. நான் எதுவும் நினைக்காம நிக்கறேன்" என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

கோழி சில்லென்று வழுக்கியது. வெறும் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் கொதித்து நுரை பொங்கி வந்தது. வாடையும் வந்தது. முந்தானை மூக்குக்குப் போகவில்லை. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்... அதனால் நான் என்ன கரைந்தா போய்விட்டேன்?

என்னைவிடக் கஷ்டப்பட்டது ஸ்டெல்லாதான். "பாவம்க்கா, பாக்கவே முடியல. ஒரே ஒரு சிட்டிகை மஞ்சளாவது..." என்றாள்.

"கை பின்னாலயே இருக்கட்டும்" என்றேன்.

உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நம்மில் எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிறோம்? டப்பாவைத் திறந்து பார்ப்பதற்குள் நமக்குத்தான் எவ்வளவு தயக்கம். இதை உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் குண்டனோடு காலை நடைக்குப் போன வீட்டுக்காரர் பாதி வழியிலேயே மகனுக்குப் போன் செய்திருக்கிறார். "டேய், கட்டியா போயிருக்கான்டா" என்று. பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்றுகூட மனிதர் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை என்னிடம் கொடுத்தார்.

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை வரட்டுமாம்மா?" என்று கேட்டான் மகன்.

"வா. சாப்பிட வா. கூட்டிட்டுப் போக வரவேண்டாம்" என்றேன்.

இப்போது குண்டன் படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டுகிறான். பால்கனி வலையைக் கழற்றிவிட்டோம். ஹாலில் விளக்கு எரிகிறது. பல்லிகளுக்குத்தான் கொஞ்சம் கஷ்ட காலம்.

நேற்றுக் காலை கீழ்ப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா ஹுக் தைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கத்திலிருந்து குண்டன் வந்தான். தலையைத் தூக்கிக்கொண்டு, நிதானமாக, வாயில் எதையோ கவ்விக்கொண்டு. வந்தவன் அதை என் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தான்.

எலி. நல்ல வாட்டசாட்டமான எலி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் நான் போட்டிருக்கும் சத்தம் பானஸ்வாடி வரை கேட்டிருக்கும். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "தொடாத, பேப்பர் கொண்டு வரேன். அவனுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினார். குண்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையால்... சரி, அவன் வாயால் எனக்குப் போடும் முதல் சாப்பாடு. நான் எழுந்து போய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஸ்டெல்லா எலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, சத்தியமா இதுல நான் எதுவும் போடல."